கரண்ட் போய் வந்த பிறகு அது என்ன செய்யும்? டைமர், ஸ்மார்ட் ப்ளக், ஹப், போர்டு மாட்யூல்: எதை எங்கே மாட்டுவது

போன மாதம் மூன்று பேர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்கள். ஒருவருக்கு துபாயில் வேலை. கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அப்பா அம்மா கீசரை அணைக்க மறந்துவிடுகிறார்கள், இங்கிருந்தே போனில் அணைக்க வழி இருக்கிறதா என்றார். இன்னொருவர் சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர். ஆபீஸிலிருந்து கிளம்பும்போதே வீட்டு ஏசி ஓடத் தொடங்க வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்றாமவருக்கு மாடித் தொட்டி மோட்டார் கவலை. மூவரும் கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: "எந்த ஸ்மார்ட் ப்ளக் வாங்கலாம்?"

ஸ்மார்ட் ப்ளக் என்பது சுவர் சாக்கெட்டுக்கும் கருவிக்கும் நடுவில் மாட்டி, போனிலிருந்து ஆன், ஆஃப் செய்யும் ப்ளக். மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. அதில் ஒருவருக்குத்தான் ஸ்மார்ட் ப்ளக்கே பொருந்தியது, அதுவும் ஒரு நிபந்தனையோடு. கடையில் கம்பெனிப் பெயர்களை ஒப்பிடுவதற்கு முன்னால், அந்த ப்ளக்கில் எதை மாட்டப்போகிறோம், அது எந்தச் சுவரில் இருக்கிறது, அந்தச் சுவிட்சை வீட்டில் யார் தொடுகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். அதைப் பார்க்காமல் வாங்கிய ப்ளக்குகள் எத்தனையோ வீடுகளில் அலமாரிக்குள் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு வீடுகளில் உருகிப்போன சாக்கெட்டையும் பார்த்திருக்கிறேன். இதை எழுதக் காரணம் அந்த உருகிய சாக்கெட்டுகள்தான்.

## வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகள்

### கருவி எவ்வளவு இழுக்கும்?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைத்துவிடும். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர். திருப்பிக் கணக்குப் போட்டால், 6 ஆம்பியர் ப்ளக் 1380 வாட் வரை, 10 ஆம்பியர் ப்ளக் 2300 வாட் வரை, 16 ஆம்பியர் ப்ளக் 3680 வாட் வரை தாங்க வேண்டும்.

'தாங்க வேண்டும்' என்றுதான் சொல்கிறேன். எல்லை வரைக்கும் கொண்டுபோய் அரை மணி நேரம் ஓட்டினால் ப்ளக்கின் உடம்பு சூடேறும். 2000 வாட் கீசரை 10 ஆம்பியர் ப்ளக்கில் போடலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நான் போட மாட்டேன். அதற்கு 16 ஆம்பியர்தான்.

ப்ளக், சாக்கெட்டுகளுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1293. அதில் சின்ன முனை 6 ஆம்பியர், தடித்த முனை 16 ஆம்பியர். எலக்ட்ரீஷியன்கள் இன்னும் பழைய பழக்கத்தில் 5 ஆம்ப், 15 ஆம்ப் என்றே சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். பெரிய முனையைச் சின்ன சாக்கெட்டில் நுழைக்க உதவும் 'கன்வெர்ட்டர்' எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலும் தொங்கிக்கொண்டிருக்கும். கீசரையோ ஏசியையோ அதன் வழியாக ஒருபோதும் இணைக்காதீர்கள். பின்னால் இருக்கும் வயர் அந்த அளவுக்குப் போட்டதாக இருக்காது.

இன்னொரு நுணுக்கம்: பெட்டியில் போட்டிருக்கும் ஆம்பியர் கணக்கு சூடாக்கும் கருவிகளுக்கானது. மோட்டார், கம்ப்ரஸர் போன்றவை ஓடத் தொடங்கும் அந்த நொடியில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ப்ளக்குக்குள் மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் சின்னச் சுவிட்சான ரிலேயின் இரண்டு முனைகளும் அப்போது பொறி பறந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒட்டிவிட்டால் செயலியில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே மோட்டாருக்கு நேரடியாக ஸ்மார்ட் ப்ளக் வேண்டாம் என்கிறேன்.

### கரண்ட் போய் வந்தால்?

நான்கு கேள்விகளில் எனக்கு இதுதான் முக்கியம், கடைக்காரர் யாரும் சொல்லாததும் இதுதான். ப்ளக் 'ஆன்' நிலையில் இருக்கும்போது மின்சாரம் போகிறது. இரண்டு மணி நேரம் கழித்து வருகிறது. இப்போது அது ஆன் ஆகுமா, ஆஃபிலேயே நிற்குமா, பழைய நிலைக்குத் திரும்புமா? நல்ல ப்ளக்கில் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருக்கும். அது இல்லாத ப்ளக்கை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஹீட்டர் போட்டிருக்கும்போது கரண்ட் போனது, பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டோம், பிறகு கரண்ட் வந்தது என்ற நிலையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

### சுவரில் இருக்கும் சுவிட்சை யார் தொடுவார்கள்?

அமெரிக்காவில் எடுத்த விளக்க வீடியோக்களில் இந்தச் சிக்கலே வராது. அங்கே பெரும்பாலும் சாக்கெட்டுக்குத் தனியாகச் சுவிட்ச் கிடையாது. நம் வீட்டில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அதை அணைத்தால் ஸ்மார்ட் ப்ளக்கும் செத்துவிடும். போனில் 'ஆஃப்லைன்' என்று காட்டும். படுக்கப் போகும் முன் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது நம் அம்மாக்களின் இருபது முப்பது வருடப் பழக்கம். நல்ல பழக்கம். அதை மாற்றச் சொல்லும் கருவியைவிட அதோடு ஒத்துப்போகும் கருவிதான் அந்த வீட்டில் நிலைக்கும்.

### ஐந்து வருடம் கழித்து?

சாதாரண சாக்கெட் பதினைந்து வருடம் உழைக்கும். ஸ்மார்ட் ப்ளக்கின் ஆயுள் அதை விற்றவரின் சர்வர் எவ்வளவு நாள் ஓடுகிறது என்பதையும் பொறுத்தது. அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பில்லாமல் நின்றுபோயின. பெல்கின் தன் வீமோ வரிசையின் பெரும்பகுதிக்கான ஆதரவை 2026 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்துவதாக அறிவித்தது. வீமோ இந்தத் துறையில் முதலில் பெயர் வாங்கியவற்றுள் ஒன்று. பெரிய பெயர் என்பதால் மட்டும் நிரந்தரம் வந்துவிடாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

விலையை நான் ஐந்தாவதாகத்தான் பார்க்கிறேன். இந்த நான்கிலும் தேறிய பிறகு முந்நூறு ரூபாய் கூடக் குறைய இருப்பது பெரிதாகத் தெரியாது.

## டைமர் ப்ளக்: இணையமே வேண்டாதவர்களுக்கு

வட்டமான முகம், சுற்றிலும் சின்னச் சின்ன முனைகள். ஒரு முனையை அழுத்தினால் பதினைந்து நிமிடம். மொத்தம் 96 முனைகள், 24 மணி நேரம். வாசல் விளக்கு, பூஜை அறை சீரியல் லைட், மீன்தொட்டி விளக்கு, கொசுவிரட்டி என்று தினமும் ஒரே நேரத்துக்கு எரிந்து ஒரே நேரத்துக்கு அணைய வேண்டியவற்றுக்கு இது போதும். பாஸ்வேர்டு இல்லை, செயலி இல்லை, தாத்தாவுக்கும் புரியும்.

இதன் மறைமுகச் செலவு மின்தடை. சக்கர டைமரின் கடிகாரம் ஓடுவதே அந்த மின்சாரத்தில்தான். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 மணி வரை மின்தடை என்று மின்வாரியம் அறிவித்தால், அன்றைக்கு உங்கள் டைமர் ஐந்து மணி நேரம் பின்தங்கிவிடும். மாலை 6 மணிக்கு எரிய வேண்டிய வாசல் விளக்கு இரவு 11 மணிக்கு எரியும். யாராவது போய்த் திருப்பி வைக்கும்வரை அப்படியே தொடரும். பூட்டிய வீட்டுக்கு இது உதவாது.

திரை உள்ள டிஜிட்டல் டைமரில் சின்ன பேட்டரி இருப்பதால் கடிகாரம் நிற்காது. ஆனால் சில வருடத்தில் அந்தப் பேட்டரி போய்விடும், அதை மாற்றுவது எளிதல்ல. அதன் பொத்தான்களில் நேரம் வைப்பதும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. இருந்தாலும் இன்வெர்ட்டர் இணைப்பு உள்ள சாக்கெட்டில் சக்கர டைமரை மாட்டினால் தடுமாற்றம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விளக்குக்கும் கொசுவிரட்டிக்கும் நான் இன்றும் பரிந்துரைப்பது இதைத்தான்.

## வைஃபை ஸ்மார்ட் ப்ளக்: எல்லோரும் முதலில் வாங்குவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்துக்கு ஒன்பது பேர் வாங்குவது இதைத்தான்.

இதன் பலம் தனியாக வேறெதுவும் தேவைப்படாதது. வீட்டு ரூட்டரோடு நேராகப் பேசும். எங்கிருந்தும் ஆன், ஆஃப் செய்யலாம். 'இத்தனை நிமிடம் கழித்து அணை' என்று சொல்லலாம். மின் அளவீடு உள்ள வகையை வாங்கினால் எந்தக் கருவி எத்தனை யூனிட் தின்கிறது என்று பார்க்கலாம். எனக்கு இந்த அளவீடுதான் ப்ளக்கின் உண்மையான பயனாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மானியக் கணக்கே மாறி பில் சட்டென்று ஏறிவிடும். 480-க்கும் 520-க்கும் நடுவில் தவிக்கிற வீட்டுக்கு அந்த நாற்பது யூனிட் எங்கே போகிறது என்று தெரிவது பெரிய விஷயம். ஒரே ஒரு ப்ளக் வாங்கி, ஃபிரிட்ஜ், மோட்டார், ஏசி, இஸ்திரிப் பெட்டி போன்றவை தவிர்த்த மற்றக் கருவிகளில் வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள். இரண்டு மாதத்தில் வீட்டின் வரைபடமே கிடைத்துவிடும்.

சேமிப்பு என்று சொல்லி விற்கப்படுவதை மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்து நம்புங்கள். ப்ளக் சும்மா இருக்கும்போதும் ரூட்டரோடு பேசிக்கொண்டே இருக்கிறது. அதற்கு 1 வாட் என்று வைத்தால் வருடத்துக்கு 8.76 யூனிட். செல்போன் சார்ஜர் சும்மா கிடக்கும்போது இழுப்பதைத் தடுக்க ஸ்மார்ட் ப்ளக் போட்டால் செலவுதான் கூடும். அணைந்த நிலையிலும் 10 வாட் இழுக்கும் செட்டாப் பாக்ஸாக இருந்தால் கதை வேறு: தினமும் 16 மணி நேரம் முழுதாக அணைத்தால் வருடத்துக்கு 58 யூனிட் மிஞ்சும். ப்ளக்கின் சொந்தச் செலவு போகக் கிட்டத்தட்ட ஐம்பது.

இனி தொல்லைகள். முதல் நாளே எதிரே வருவது இணைப்பு. இவற்றில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். உங்கள் போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால் ப்ளக் கண்ணிலேயே படாது. 'பீஸ் வேலை செய்யவில்லை' என்று திருப்பி அனுப்பப்படும் எத்தனையோ ப்ளக்குகளின் கதை இதுதான். ரூட்டர் அமைப்பில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டு, போனை 2.4-க்கு மாற்றிக்கொண்டு இணைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரண்டாவது, நேர அட்டவணை. காலை 5.30-க்கு ஆன் என்று வைத்தால் அந்த அட்டவணை பல ப்ளக்குகளில் உள்ளேயே பதிந்திருக்கும். இணையம் போனாலும் நடக்கும். ஆனால் மின்சாரமே போய் வந்தால், உள்ளே பேட்டரி இல்லாததால், ப்ளக்குக்கு மணி தெரியாது. இணையத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். விடிகாலையில் கரண்ட் வந்து, தெருமுனையில் ஃபைபர் இணைப்பு இன்னும் உயிர் பெறாமல் கிடந்தால் 5.30 கடந்துபோய்விடும். ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வைப்பது இதில் பாதியைத்தான் தீர்க்கும். தெருமுனைப் பெட்டி நம் கையில் இல்லை.

மூன்றாவது, வைஃபை பாஸ்வேர்டு. அதை மாற்றினால் வீட்டில் உள்ள ஒவ்வொரு ப்ளக்கையும் முதலிலிருந்து இணைக்க வேண்டும். எட்டு ப்ளக் உள்ள வீட்டில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்டர்நெட் கம்பெனி மாறினாலும் புது ரூட்டரில் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வையுங்கள். எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான்காவது, உடல் பருமன். 16 ஆம்பியர் ப்ளக் நல்ல கனம், நல்ல அகலம். சில போர்டுகளில் பக்கத்துச் சுவிட்சையே மறைத்துவிடும். பழைய சாக்கெட்டின் உள் முனைகள் தளர்ந்திருந்தால் இந்தக் கனத்துக்கு முன்பக்கமாகத் தொங்கும். தொங்கும் இடத்தில் தொடர்பு குறையும், குறைந்த இடத்தில் சூடேறும். நான் பார்த்த உருகிய சாக்கெட்டுகள் எல்லாமே இப்படி உருகியவை. ப்ளக்குகள் நன்றாகத்தான் இருந்தன.

செயலி விஷயத்தில் ஒன்று. நம் ஊரில் விற்கும் பல பெயர்களுக்குப் பின்னால் இருப்பது டுயா என்ற சீனக் கம்பெனியின் ஒரே தளம். அதனால் வெவ்வேறு பெயரில் வாங்கியவற்றை ஸ்மார்ட் லைஃப் என்ற ஒரே செயலியில் சேர்க்க முடிவதுண்டு. நாலு கம்பெனிக்கு நாலு செயலி வைத்துக்கொள்வதைவிட ஒரே குடும்பத்தில் நிற்பது நல்லது. அதைவிட நல்லது பெட்டியில் மேட்டர் (Matter) முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது. 2022 அக்டோபரில் வெளியான இந்தப் பொதுத் தரத்தில் ப்ளக் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும்; விற்றவரின் சர்வர் நின்றாலும் ஆன், ஆஃப் நிற்காது. ஆனால் மின் அளவீடு 2024 மே மாதம் வந்த 1.3 பதிப்பில்தான் இந்தத் தரத்தில் சேர்ந்தது. ஆகவே மேட்டர் முத்திரை இருந்தாலும் யூனிட் கணக்கைப் பார்க்கக் கம்பெனிச் செயலியே தேவைப்படலாம்.

## ஹப்பும் ஜிக்பீ ப்ளக்கும்: பத்துக்கு மேல் போகிறவர்களுக்கு

ஹப் என்பது நடுவில் உட்காரும் ஒரு சின்னப் பெட்டி. ப்ளக்குகள் அதனோடு ஜிக்பீ என்ற தனி ரேடியோவில் பேசும், ரூட்டருக்குப் பாரம் கிடையாது. ஒவ்வொரு ப்ளக்கும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தும் என்பதால், வைஃபை எட்டாத மாடி அறைக்கும் கொல்லைப்புறத்துக்கும் படிப்படியாகப் போய்ச் சேரும். ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறமூல மென்பொருளை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓட்டினால் வெளி சர்வரே தேவையில்லை. இணையம் அறுந்தாலும் வீடு இயங்கும், ஐந்து வருடக் கேள்விக்கும் இதில்தான் திருப்தியான பதில் இருக்கிறது.

ஆனால் நம் ஊர் மூன்று முனை வடிவத்தில் ஜிக்பீ ப்ளக் வைஃபை ப்ளக் அளவுக்கு எளிதாகக் கிடைப்பதில்லை. ஐரோப்பிய வடிவத்தை வரவழைத்து அடாப்டரில் மாட்டுகிறவர்கள் விளக்கோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஹப் அணைந்தால் எந்த ப்ளக்கையும் போனிலிருந்து இயக்க முடியாது, அதனால் அதை இன்வெர்ட்டர் இணைப்பில் வைக்க வேண்டும். இன்னொரு செலவும் உண்டு, அது காசு அல்ல: வீட்டில் ஒருவர் இதைப் பராமரிக்கத் தெரிந்தவராக இருந்தாக வேண்டும். அவர் வெளியூர் போனால் மற்றவர்கள் திணறுவார்கள். நான்கு ப்ளக்குக்காக இந்த வழியில் இறங்க வேண்டாம்.

## போர்டுக்குள் மாட்யூல்: பெரியவர்கள் இருக்கும் சொந்த வீட்டுக்கு

சுவிட்ச் போர்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு மாட்யூல். இருக்கும் சுவிட்சையே இதோடு இணைத்துவிடலாம். அம்மா வழக்கம்போலச் சுவிட்சைத் தட்டலாம், மகன் வெளியூரிலிருந்து போனைத் தட்டலாம், இரண்டும் வேலை செய்யும். சுவிட்சை அணைத்தாலும் மாட்யூலுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருப்பதால் 'ஆஃப்லைன்' தொல்லை இல்லை. மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. சீலிங் ஃபேன், டியூப் லைட் போல ப்ளக்கே இல்லாத கருவிகளுக்கும் இதுதான் வழி.

மாட்யூல் உயிரோடிருக்க நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், வேண்டும். மேல்நாட்டு வீடுகளில் பல சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரல் இருக்காது, பெரிய தலைவலி. நம் போர்டுகளில் சுவிட்சுகளோடு பெரும்பாலும் ஒரு சாக்கெட்டும் இருப்பதால் நியூட்ரல் ஏற்கெனவே வந்திருக்கும். இந்த விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்.

குறை என்று பார்த்தால், எலக்ட்ரீஷியன் கூலி. பழைய போர்டில் ஆழம் போதாமல் வயர்களை நெருக்கித் திணிக்க வேண்டிவரும். நெருக்கத்தில் திருகு சரியாக இறுகாவிட்டால் அங்கேயும் சூடுதான். இந்த மாட்யூலை இதற்கு முன் மாட்டியிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். மெயினை இறக்காமல் நீங்களே திறக்காதீர்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் கேட்காமல் கை வைக்க முடியாது, காலி செய்யும்போது கழற்றிப் பழையபடி வைக்க இன்னொரு கூலி.

## ஒரே பார்வையில்

| | டைமர் ப்ளக் | வைஃபை ப்ளக் | ஹப் + ஜிக்பீ | போர்டு மாட்யூல் |
|---|---|---|---|---|
| மின்தடைக்குப் பின் | சக்கர வகை நேரம் தவறும் | அமைப்பைப் பொறுத்தது. மணி தெரிய இணையம் வேண்டும் | ஹப் இன்வெர்ட்டரில் இருந்தால் நிலையானது | அமைப்பைப் பொறுத்தது |
| சுவர் சுவிட்சை அணைத்தால் | நின்றுவிடும் | ஆஃப்லைன் | ஆஃப்லைன் | சிக்கல் இல்லை |
| வெளியூரிலிருந்து இயக்க | முடியாது | முடியும் | முடியும், கொஞ்சம் அமைக்க வேண்டும் | முடியும் |
| சர்வர் நின்றுபோனால் | கவலையில்லை | மேட்டர் இல்லாவிட்டால் ஆபத்து | கவலையில்லை, சொந்த மென்பொருளில் ஓடினால் | கம்பெனியைப் பொறுத்தது. சுவிட்ச் மட்டும் வேலை செய்யும் |
| மறைமுகச் செலவு | திருப்பி நேரம் வைக்கும் வேலை | பாஸ்வேர்டு மாறினால் மறுபடி இணைப்பது | பராமரிக்கத் தெரிந்த ஆள் | எலக்ட்ரீஷியன் கூலி |
| பொருந்தும் வீடு | விளக்கு மட்டும் போதும் என்பவர் | வாடகை வீடு | பெரிய வீடு, ஆர்வம் உள்ளவர் | சொந்த வீடு, பெரியவர்கள் |

## மூன்று பேருக்கும் சொன்னது

கும்பகோணம் கீசர். முதலில் சாக்கெட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். குளியலறைக்கு உள்ளே, கீசருக்குப் பக்கத்தில் என்றால் ஸ்மார்ட் ப்ளக்கை மறந்துவிட வேண்டும். ஆவி படும் இடத்தில் அதற்கு வேலையில்லை. வெளியே இருக்கும் சுவிட்சின் இடத்தில், கீசரின் ஆம்பியர் தாங்கும் ஸ்மார்ட் சுவிட்சை எலக்ட்ரீஷியன் மாட்ட வேண்டும். அவர்கள் வீட்டில் சாக்கெட் வெளி வராந்தாவில் இருந்ததால் 16 ஆம்பியர் வைஃபை ப்ளக் போதுமானதாகிவிட்டது.

ஆனால் அவர் கேட்டதுபோலத் துபாயிலிருந்து அணைப்பதை நம்பி இதை அமைக்கவில்லை. மின்சாரம் வந்ததும் ஆன் ஆகு, முப்பது நிமிடத்தில் தானாக ஆஃப் ஆகு என்று இரண்டு கட்டளைகள் மட்டும். அம்மா வழக்கம்போலச் சுவர் சுவிட்சைப் போடுவார். ப்ளக் உயிர் பெற்று கீசரை இயக்கும், முப்பது நிமிடத்தில் நிறுத்திவிடும். அணைக்க மறந்தாலும் நஷ்டமில்லை. கரண்ட் போய் வந்தாலும் அதிகபட்சம் முப்பது நிமிடம்தான் ஓடும். அப்பாவோ அம்மாவோ எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. மறுநாள் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

முப்பது நிமிடம் எங்கிருந்து வந்தது? 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி கூட்ட அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். 2000 வாட் கீசருக்கு அது பதினாறு நிமிட வேலை. மார்கழிக் குளிருக்கும் சேர்த்து முப்பது தாராளம். எல்லா ப்ளக்கிலும் இந்த இரண்டு கட்டளைகளும் இப்படிச் சேர்ந்து நடக்காது. சிலவற்றில் மின்சாரம் வந்து ஆன் ஆனால் நிமிடக் கணக்கு தொடங்காது. வாங்கியதும் சோதித்துப் பார்க்க வேண்டும். அவர் அண்ணன் மகன் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து சோதித்துவிட்டுத்தான் விட்டுப் போனான்.

சென்னை ஏசி. ப்ளக் வேண்டாம். பல ஏசிகளில் மின்சாரம் கொடுத்தால் மட்டும் ஏசி ஓடத் தொடங்காது, ரிமோட்டை அழுத்த வேண்டும். ஓடும்போது ப்ளக்கில் வெட்டுவது கம்ப்ரஸருக்கு நல்லதல்ல. பல வீடுகளில் ஸ்டெபிலைசரும் ஏசி பாக்ஸும் இருப்பதால் ப்ளக் மாட்ட இடமே இருக்காது. ஐஆர் பிளாஸ்டர் என்று ஒன்று கிடைக்கிறது. அது வைஃபையில் கட்டளை வாங்கி ரிமோட்டின் மொழியில் ஏசிக்குச் சொல்லும். வாடகை வீட்டில் ஒரு திருகுகூடத் திருப்ப வேண்டாம். ஏசி அதன் நேர் பார்வையில் இருக்க வேண்டும். கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது, வீட்டில் இருப்பவர் சாதா ரிமோட்டில் அணைத்தாலும் செயலி ஆன் என்றே காட்டும். அறைச் சூட்டைக் காட்டும் சென்சார் ஒன்றைச் சேர்த்து வைத்தால் ஏசி ஓடுகிறதா என்பதை அதில் தெரிந்துகொள்ளலாம்.

மாடித் தொட்டி மோட்டார். இவருக்கு வேண்டியது நேரக் கட்டுப்பாடே அல்ல. தொட்டி நிரம்பியதும் நிற்க வேண்டும், கீழ்த் தொட்டி வற்றினால் ஓடக்கூடாது. இரண்டும் தண்ணீரைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவுகள். இரண்டு தொட்டியிலும் சென்சார் வைக்கும் வாட்டர் லெவல் கன்ட்ரோலர்தான் சரி. போனில் இயக்கியே ஆக வேண்டும் என்றால், மோட்டாரின் பாரத்தை கான்டாக்டர் என்ற கனத்த சுவிட்ச் சுமக்கட்டும், அதை இழுத்து இயக்கும் காயிலை மட்டும் ஸ்மார்ட் மாட்யூல் இயக்கட்டும். ரிலே ஒட்டிக்கொள்ளும் பயம் அதோடு போகும்.

## இவற்றில் எதையும் மாட்டாதீர்கள்

இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் ராடு: ஆளில்லாத நேரத்தில் ஆன் ஆகும் சாத்தியமே இருக்கக் கூடாது. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் போன்ற மருத்துவக் கருவிகள்: ஆஃப் ஆகும் சாத்தியமே இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜும் அப்படியே; கைதவறி அணைத்துவிட்டால் வாரத்துச் சாமான் போகும். மீன்தொட்டியில் விளக்குக்குச் சரி, காற்று பம்புக்கு வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பயனே இல்லை, மின்சாரம் வந்தாலும் அது பொத்தானுக்குக் காத்திருக்கும்.

## வாங்கிய அன்றே

பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ப்ளக்கில் ஒரு மேசை விளக்கை மாட்டி ஆன் செய்யுங்கள். சுவர் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். விளக்கு என்ன செய்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ரூட்டரை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் தள்ளி வைத்த அட்டவணை நடக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து அணைத்து, ப்ளக்குக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, அதே அட்டவணையை மறுபடி பாருங்கள். பூட்டிய வீட்டில் மின்தடைக்குப் பிறகு நடக்கப்போவது இந்த மூன்றாவது சோதனையில் நீங்கள் பார்ப்பதுதான்.

கடைசியாக உண்மையான கருவியை மாட்டி அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு கருவியை அணைத்து, புறங்கையால் ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடென்றால் ப்ளக்கைக் கழற்றிச் சாக்கெட்டின் துளைகளைப் பாருங்கள். அங்கே பழுப்பு ஏறியிருந்தால், புது ப்ளக் தேடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தச் சாக்கெட்டை மாற்றுங்கள்.